மிருதங்கம் இல்லாத ஏழாம் தரம்

எங்களுக்கு ஒரு நாடு கிடைக்கவில்லை. ஒரு பரீட்சைத் திணைக்களம் மட்டும் கிடைத்தது. ரொறன்ரோவில் கர்நாடக சங்கீதம் படிக்கிற எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாடத்திட்டத்தில் படித்து, முதலாம் தரத்திலிருந்து ஏழாம் தரம்வரை பரீட்சை எடுத்து ஏறிப்போக வேண்டும் என்று சங்கீத ரீச்சர்மார் சேர்ந்து ஒரு சபை வைத்திருந்தோம். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே வீட்டுத் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். எனக்கு வாய் நீளம் என்று ஏற்கெனவே பேர்.

அது தொடங்கியது பார்க்டேலில், நாங்கள் இருந்த அபார்ட்மென்ரில்தான். அப்போது ஊரில் சங்கீதம் படித்துவிட்டு வந்த பெண்கள் பகலில் தொழிற்சாலையில் பெட்டி கட்டிவிட்டு, சனி ஞாயிறில் தங்கள் தங்கள் வரவேற்பறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு பாடாந்தரம், ஆளுக்கொரு பிடிவாதம். ஒரு ரீச்சரிடமிருந்து பிள்ளையை மாற்றி இன்னொரு ரீச்சரிடம் விட்டால், அவ முதலிலிருந்து சரளி வரிசை தொடங்குவா. பெற்றோர் தலையிலடித்துக்கொண்டார்கள். அதனால்தான் எல்லோரும் கூடி, சண்டை பிடித்து, கோபித்துக்கொண்டு போனவர்களைத் திரும்பக் கூட்டிவந்து, ஒரு பொதுப் பாடத்திட்டம் எழுதினோம். நாங்கள் கத்திக்கொண்டிருக்க, என்னுடைய மனிசன் குசினிக்குள் நின்று எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார். அவர் மிருதங்கம் வாசிப்பவர். பகலில் பிளாஸ்ரிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் வேலை.

பரீட்சை நாளுக்கு ஸ்கார்பரோவில் ஒரு பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுப்போம். பட்டுப்பாவாடைக்கு மேலே குளிர் ஜக்கெற்றும் காலில் பனிச் சப்பாத்துமாக வந்து இறங்கும் பிள்ளைகள் படிக்கட்டுக்குக் கீழே, குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் என்று எங்கு பார்த்தாலும் நின்று சுருதிக்குச் சா பிடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஒரு வகுப்பறையில் நிலத்தில் வெள்ளைத் துணி விரித்து, ரவையைப் பிசைந்து மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் அப்பிக்கொண்டு, காலையிலிருந்து கடைசிப் பிள்ளை பாடி முடிக்கும்வரை எழும்பாமல் இருப்பார். நடுங்கிக்கொண்டு வந்து உட்காரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"நீ பாடு பிள்ளை. நான் இருக்கிறன்."

பிள்ளை தாளத்தை விட்டுவிட்டால் மெல்லப் போய்ப் பிடிப்பார். ஓடினால் ஒரு தட்டுத் தட்டிப் பக்கத்தில் இருத்துவார். எத்தனையோ பிள்ளைகள் பரீட்சகரைப் பார்க்காமல் அவருடைய முகத்தைப் பார்த்தே பாடி முடித்திருக்கிறார்கள். இதற்கு அவருக்கு ஒரு சால்வைகூட யாரும் போடவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை, எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

பிறகு கொரோனா வந்தது. உலகமே கணினிக்குள் போனபோது பரீட்சையும் போனது. அதில் நான் குற்றம் சொல்லவில்லை. அப்போது வேறு வழி இருக்கவில்லை. பரீட்சகர் சென்னையில் தன் வீட்டில் இருப்பார், பிள்ளை இங்கே தன் பேஸ்மென்ரில் இருந்து பாடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று, முன்கூட்டியே பதிவு செய்த மிருதங்கத்தைப் பரீட்சகர் தன் பக்கத்திலிருந்து போடுவார். பிள்ளை அதைக் கேட்டுப் பாட வேண்டும்.

அங்கேதான் வில்லங்கம். சென்னையில் போட்ட மிருதங்கம் ஸ்கார்பரோவுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். பிள்ளை அதைக் கேட்டுப் பாட, அந்தக் குரல் சென்னைக்குத் திரும்பிப் போக இன்னும் கொஞ்ச நேரம். பிள்ளை அட்சரம் பிசகாமல் பாடினாலும் பரீட்சகருக்கு அது பிந்தித்தான் கேட்கும். முதல் வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாளத்தில் புள்ளி வெட்டு. பெற்றோர் கொதித்தார்கள். ரீச்சர்மார் என்ன செய்தோம் தெரியுமா? சபையைக் கேட்கவில்லை. ஒருவருக்கொருவர் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டோம்: மிருதங்கத்தைக் கேட்டுப் பாட விடாதேயுங்கோ, அதுக்குக் கொஞ்சம் முன்னுக்குப் பாடப் பழக்குங்கோ. பிள்ளைகள் கெட்டிக்காரர். பழகிவிட்டார்கள். அடுத்த வருடம் புள்ளிகள் அள்ளிக்கொண்டு வந்தன. சபையும் மகிழ்ந்துபோய், கொரோனா போன பிறகும் இதுவே நிரந்தரம் என்று அறிவித்தது. மண்டபம் வேண்டாம், பனியில் வண்டி ஓட வேண்டாம், மொன்றியலில் இருந்துகூடப் பிள்ளைகள் சேரலாம். சீர்திருத்தம் என்று கூட்டத்தில் கைதட்டினார்கள்.

இவர் மட்டும் அன்றைக்கே சொன்னார். "இஞ்சேரப்பா, உந்தப் பிள்ளையள் இனி ஆரோடையும் சேர்ந்து பாட மாட்டினம்."

நான் கேட்டும் கேளாதவள் மாதிரிச் சோற்றை வடித்தேன். எங்கள் மகளும் என்னிடம்தான் படித்தாள். அவளையும் அப்படித்தான் பழக்க வேண்டியிருந்தது.

போன மாரியில் அவருக்கு வயிற்றுக்குள் நோ என்று போனோம். கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். பிந்திப் போச்சு என்றார்கள். டொக்டர் ஒரு இளம் பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு, கோடை வரைக்கும் பார்க்கலாம் என்று சொன்னா. வீட்டுக்கு வரும் வழியில், இப்போது நாங்கள் இருக்கிற ரூஜில் எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் இவர் கேட்டார்.

"பிள்ளைக்கு ஏழாந்தரம் எப்ப?"

"வசந்தத்தில. ஏன்?"

"நான் வாசிக்க வேணும். பிறகு எனக்கு ஒண்டும் வேண்டாம்."

அந்த மனிசன் முப்பது வருடமாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வாசித்தவர். தன் பிள்ளை பரீட்சை மண்டபத்துக்குப் போகிற வயதுக்கு வரவும் மண்டபமே இல்லாமல் போய்விட்டது. அவர் என்னிடம் நகை கேட்டாரா, ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்டாரா? இதைக்கூட நான் செய்து கொடுக்காவிட்டால் பிறகு நான் என்ன பெண்டாட்டி? அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அவர் சாகப் போகிறார் என்பதை விட, இது நடக்காமல் செத்துப்போவாரோ என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

சபையின் தலைவி அஜக்ஸில் இருந்தா. என்னைவிட மூத்தவ, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பார்க்டேலில் என் வரவேற்பறையில் இருந்து இவர் போட்ட தேத்தண்ணி குடித்தவ. கெட்டவ இல்லை. எனக்கு அவவோடு கோபம் வந்ததே அவ கெட்டவ இல்லை என்பதால்தான். நான் ஒரு சனிக்கிழமை அவ வீட்டுக்குப் போய், இருக்கச் சொல்லியும் இருக்காமல், நின்றபடியே கேட்டேன்.

"அக்கா, மண்டபம் வேண்டாம். என்ர பேஸ்மென்ரிலையே பாடட்டும். பரீட்சகர் வழமைபோலச் சென்னையில இருந்து பார்க்கட்டும். ரெக்கோடிங்கைப் போடாமல் விட்டால் காணும். இவர் பக்கத்தில இருந்து வாசிப்பார். ரெண்டு சத்தமும் ஒண்டாத்தானே போகும், பிந்துற கதையே இல்லை."

அவ கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தா. "அதுதான் பிரச்சினை. உம்மட மகளுக்குத் தகப்பன் பக்கத்தில இருந்து வாசிக்க, மற்றப் பிள்ளையள் ரெக்கோடிங்குக்குப் பாடுறதோ? மற்றத் தாய்மார் என்னைச் சும்மா விடுவினமோ?"

"அப்ப எல்லாருக்கும் விடுங்கோ. மிருதங்கம் வாசிக்கிற ஆளில்லாத ஊரே இது?"

"இந்த வருசம் ஏலாது. பரீட்சகர் எல்லாரோடையும் கதைச்சு முடிச்சாச்சு. விதி எண்டால் எல்லாருக்கும் ஒண்டுதான். நீரும் இருந்துதானே எழுதினனீர்."

"அக்கா, அவர் அடுத்த வருசம் இருக்க மாட்டார்."

அவ அழுதா. உண்மையாகவே அழுதா. என்னைக் கட்டிப்பிடித்தா. கமிட்டியில் போட்டுப் பார்க்கிறன் என்றா. ஆனால் ஓம் என்று மட்டும் சொல்லவில்லை. காலில் விழாத குறைதான். விழுந்திருந்தாலும் தூக்கி நிறுத்திவிட்டு அதையேதான் சொல்லியிருப்பா.

திரும்பி வரும்போது 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. நான் கண்ணாடியை மூடிக்கொண்டு கத்தினேன். எங்கள் தலைவி, எங்கள் கமிட்டி, எங்கள் விதி என்று ஒவ்வொன்றாகத் திட்டினேன். பக்கத்து வாகனத்தில் இருந்த மனிசன் திரும்பிப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கமிட்டியின் பதில் இரண்டு கிழமையில் வந்தது. இந்த வருடம் மாற்றம் செய்ய இயலாது, வருங்காலத்தில் பரிசீலிக்கப்படும். பரிசீலிக்கட்டும், நல்லாப் பரிசீலிக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவருக்குக் கஞ்சி காய்ச்சப் போனேன். அவரிடம் நான் சொன்னபோது, "பரவாயில்லை விடும், பிள்ளை நல்லாப் பாடினால் காணும்" என்றார். அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பரீட்சை அன்று அவரால் படி இறங்க முடியவில்லை. கட்டிலை முன் அறையில் போட்டிருந்தோம். பிள்ளை சேலை உடுத்துக்கொண்டு கீழே பேஸ்மென்ரில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பரீட்சை அறைக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது என்பதும் விதி. அதனால் நானும் மேலே அவர் பக்கத்தில் இருந்தேன். காற்று வருகிற குழாய் வழியாகக் கீழே நடப்பதெல்லாம் கேட்டது. அவளுடைய குரல் சுருதியில் நின்று கணீரென்று வந்தது. கணினியில் இருந்து மிருதங்கமும் வந்தது. இரண்டும் ஒரே வீட்டுக்குள், ஒரே அறைக்குள் இருந்து வந்தன, ஆனால் சேரவில்லை. அவள் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மிருதங்கம் பின்னால் வந்துகொண்டிருந்தது. சென்னையில் அது சேர்ந்துதான் கேட்டிருக்கும். சென்னைக்காகத்தானே பழக்கினோம்.

அவருடைய விரல்கள் போர்வைக்கு மேலே அசைந்தன. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டன.

"ஆர் கலைச்சுத் துரத்த இவள் உப்பிடி ஓடுறாள்?" என்று கேட்டார்.

நான் போர்வையை இழுத்து அவருடைய கையை மூடிவிட்டேன். அவருக்கும் பதில் தெரியும்.

பிள்ளை அதிவிசேட சித்தி, அதுதான் ஆக உயர்ந்த தேர்ச்சி. தாளக் கட்டுப்பாடு மிகச் சிறப்பு என்று பரீட்சகர் பாராட்டி எழுதியிருந்தார். சொந்தக்காரர் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். நான் எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. மிருதங்கத்தைக் கொண்டு வாருங்கோ என்றார். வீட்டுச் சூட்டில் தோல் காய்ந்துவிடும் என்று அதைப் போர்வையால் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். நான் ரவை பிசைந்து கொடுக்க, அவரே அப்பினார். காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருக்க முடியாது. முதுகுக்குத் தலையணை வைத்து, மிருதங்கத்தை மடியில் இன்னொரு தலையணைக்கு மேலே வைத்தோம். மகள் கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"நீ பாடு பிள்ளை. நான் இருக்கிறன்" என்றார்.

மண்டபம் இல்லாவிட்டால் என்ன, பரீட்சகர் இல்லாவிட்டால் என்ன, கடைசியில் இது நடக்கிறதே என்று கடவுளைக் கும்பிட்டேன்.

அவள் தொடங்கினாள். ஆதி தாளம், சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டு. முதல் ஆவர்த்தனத்திலேயே ஒரு இம்மி முன்னுக்குப் போனாள். அவர் எட்டிப் பிடித்தார். பிடித்த உடனே அவள் இன்னும் முன்னுக்குப் போனாள். அப்படித்தானே பழக்கம், மிருதங்கம் பக்கத்தில் வந்துவிட்டால் பிந்திவிட்டோம் என்று அவளுக்குப் பயம். அவர் அவளைத் துரத்திக் கலைத்துக்கொண்டு ஓடினார். நோயாளி மனிசன், எலும்பும் தோலுமான கை, நெற்றியில் வியர்வை. சரணத்துக்குப் போகமுன் அவள் நிறுத்தினாள். கோபமாக இல்லை, கணினியில் வகுப்பு எடுக்கும்போது எல்லோரும் சொல்வது மாதிரி வலு சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அப்பா, யூ ஆர் லாகிங்."

அவர் சிரித்தார். "ஓம் பிள்ளை, கொஞ்சம் இழுபடுறன்தான். திருப்பிப் பாடு."

திரும்பவும் அதே ஓட்டம். இந்த முறை அவர் பாதியிலேயே உள்ளங்கையால் தோலைப் பொத்திச் சத்தத்தை நிறுத்தினார்.

"குஞ்சு, நான் இருக்கிறது உனக்குக் கேக்கேல்லையோ?"

அவள் முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"கேக்குது அப்பா. பட் கேட்டிட்டுப் பாடினா லேற்றாகிடும். யூ ஹாவ் ரு கோ பிஃபோர்."

அவர் தலையை ஆட்டினார். களைப்பாக இருக்கு, பிறகு வாசிப்பம் என்று சொன்னார். நான் மிருதங்கத்தை மடியிலிருந்து எடுத்தேன். குசினிக்குள் போய்த் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பின்னால் வந்து நின்ற மகள், "அம்மா, நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டாள்.

"நீ ஒண்டும் பிழை விடேல்லை அம்மா. நாங்கள் பழக்கினதைத்தான் பாடினனீ."

"அப்ப அப்பா ஏன் நிப்பாட்டினவர்?"

நான் சொன்னேன். ரீச்சராகச் சொல்லவில்லை, அழுதழுது சொன்னேன். சென்னைக்குப் பாடுவது வேறு, பக்கத்தில் இருக்கிறவரோடு பாடுவது வேறு. பக்கத்தில் இருக்கிறவர் வந்து சேரும்வரை பொறுக்க வேணும். அவள் கீழே இறங்கிப் போனாள். அந்தக் கிழமை முழுக்கக் கீழே அவள் கையால் தொடையில் தட்டித் தட்டிப் பாடுவது கேட்டது. ஓடுவாள், நிறுத்துவாள், திரும்பத் தொடங்குவாள். இரண்டு மூன்று நாளில் மாறிவிடுகிற பழக்கமா அது? அவருக்கு நோ கூடி, மருந்து கூடி, அவர் பெரும்பாலும் உறக்கத்திலேயே இருந்தார். பிறகு வாசிப்பம் என்ற அந்தப் பிறகு வரவில்லை. கோடைக்கு முன்னமே போய்விட்டார்.

செத்தவீடு ஸ்கார்பரோவில் நடந்தது. நான் பெட்டியின் தலைமாட்டில் இருந்தேன். வரிசையில் வந்தவர்களுக்குள் எத்தனையோ வளர்ந்த பிள்ளைகள், டொக்டர், பொறியியலாளர், கைக்குழந்தையோடு தாய்மார். அங்கிள் எனக்கு மூன்றாந்தரத்துக்கு வாசிச்சவர் என்று ஒருத்தி, எனக்கு ஐந்தாந்தரம் என்று இன்னொருவன். தலைவி அக்காவும் வந்தா. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குனிந்து காதுக்குள் சொன்னா.

"கமிட்டி தீர்மானிச்சிட்டம். அடுத்த வருசம் ஏழாந்தரம் மண்டபத்திலதான். பக்கவாத்தியத்தோட."

ஓம் அக்கா, நல்லம் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் பெட்டிக்குள் பட்டு வேட்டியோடு கிடந்தார். அந்த நேரம் எனக்குக் கோபிக்கக்கூடத் தெம்பு இருக்கவில்லை.

ஐயர் சின்ன உரலையும் உலக்கையையும் கொண்டு வந்து வைத்தார். சுண்ணம் இடிக்க வேணும், பாட ஆர் இருக்கினம் என்று கேட்டார். எங்கள் ஆட்களின் செத்தவீட்டில், உரலில் மஞ்சளும் அறுகும் போட்டு இடித்துக்கொண்டே பதிகம் பாடுவார்கள், ஒவ்வொரு அடிக்கும் உலக்கை விழும். அவருடைய தமையன் உலக்கையைப் பிடித்தார். அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது, தம்பியைப் பறிகொடுத்த கை உலக்கையைத் தூக்கவே தடுமாறியது.

"நான் பாடுறன்" என்று மகள் எழும்பினாள்.

ஐயோ, வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. இத்தனை சனத்துக்கு முன்னால் ஓடப்போகிறாள், பெரியப்பாவின் உலக்கை பின்னால் தடுமாறப்போகிறது, அதை நான் இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும் என்று பயந்தேன். அவள் முதல் அடியைப் பாடினாள். ஓடத்தான் ஓடினாள். உலக்கை விழமுன்னமே அடுத்த அடியின் முதல் எழுத்து வாய்க்குள் வந்துவிட்டது. அப்படியே நிறுத்தினாள். வந்த சனம் முழுக்க அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தது, யாரோ பின்னாலிருந்து அடியை எடுத்துக் கொடுத்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பெரியப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உலக்கை மெல்ல மேலே போய், நடுங்கி, கீழே வந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் பாடினாள். அடுத்த அடிக்கும் பொறுத்தாள். கடைசி அடிவரைக்கும் அந்தக் கிழவரின் உலக்கை வந்து சேரும்வரை பொறுத்துப் பொறுத்துத்தான் பாடினாள்.

நான் பெட்டிக்குள் கையை விட்டு அவருடைய விரல்களைப் பிடித்தேன். குளிர்ந்துபோய்க் கிடந்தன. இஞ்சேருங்கோ, பிள்ளைக்குக் கேக்குதப்பா, பிள்ளைக்குக் கேக்குது என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.